அமெரிக்கக் கல்லூரி வாலிபால் செட்டரின் சாதனைப் பட்டியலைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி அணிகள் தங்கள் ஒவ்வொரு வீரருக்கும் வீராங்கனைக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கும். உயரம், படிக்கும் பாடம், அதன் கீழே ஆண்டுவாரியாக எண்கள், விருதுகள். அட்டாக்கரின் பக்கம் என்றால் சுலபம். இத்தனை முறை அடித்தார், இத்தனை புள்ளி வந்தது, முடிந்தது. செட்டரின் பக்கம் அப்படிப் பிடிபடாது. "4,000 அசிஸ்ட்", "ஆல்-அமெரிக்கன்", "அகாடமிக் ஆல்-அமெரிக்கன்", "3.9 ஜி.பி.ஏ." என்று அடுக்கியிருப்பதில் எது கனமானது, எது ஒப்புக்கு என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அந்தக் குழப்பத்தில் வரும் கேள்விகள்தான் இவை.

செட்டரின் வேலை என்ன?

பந்தை மூன்று தொடுதலுக்குள் எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும். முதலாவது பாஸ், மூன்றாவது அடி. நடுவில் உள்ள இரண்டாவது தொடுதல் செட்டருடையது. நம்மில் சிலர் லிஃப்டர் என்றும் பூஸ்டர் என்றும் சொல்வது இவரைத்தான்.

பந்து அவர் விரல்களில் இருப்பது கண்ணிமைக்கும் நேரம். பாஸ் எங்கே வந்து இறங்குகிறது, நெட்டருகே எழும்பித் தடுக்கும் எதிரணியின் நடு பிளாக்கர் எந்தப் பக்கம் சாய்கிறார், நம் அட்டாக்கர்களில் யார் ஓடிவரத் தயாராக இருக்கிறார், போன பந்தை அடித்துத் தோற்றவருக்கு மறுபடி கொடுக்கலாமா வேண்டாமா, எல்லாவற்றையும் பந்து வந்து சேர்வதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். தலைக்கு மேல் அழகாக வந்த பாஸை யாரும் எடுத்துக் கொடுப்பார்கள். நெட்டை விட்டு ஐந்து மீட்டர் தள்ளிப் போன பாஸை ஓடிப்போய்ப் பிடித்து, அடிக்கத் தோதான பந்தாக மாற்றுகிறாரா என்பதில்தான் தரம் தெரியும். அந்த வேலைக்கென்று எந்தப் பட்டியலிலும் தனி எண் கிடையாது. இந்தப் பக்கத்தில் சொல்லப்போகும் பாதி விஷயம் இந்த ஒரு குறையைச் சுற்றித்தான்.

அசிஸ்ட் என்று எதைக் கணக்கிடுகிறார்கள்?

செட்டர் கொடுத்த பந்தைச் சக வீரர் அடித்து, அது நேராகப் புள்ளியானால், அடித்தவருக்கு ஒரு கில், கொடுத்தவருக்கு ஒரு அசிஸ்ட். எதிரணி லிபரோ (பின்வரிசையில் தடுத்து ஆடுவதற்கென்றே இருப்பவர்) விழுந்து புரண்டு அந்தப் பந்தை எடுத்துவிட்டால் அசிஸ்ட் இல்லை. அட்டாக்கர் கோட்டுக்கு வெளியே அடித்தாலும் இல்லை.

அதாவது, எதிரே பிளாக்கே இல்லாத இடத்தில் வாகாகக் கொண்டுபோய் வைத்த பந்தை ஒருவர் நெட்டில் அடித்தால் செட்டருக்குப் பூஜ்யம். சுமாராகக் கொடுத்த பந்தை ஒரு முரட்டு அட்டாக்கர் மூன்று கைகளுக்கு மேலே அடித்துப் புள்ளி எடுத்தால் செட்டருக்கு ஒன்று. பாதிச் சாதனை அடுத்தவர் கையில் இருக்கிறது.

ஒரு செட்டுக்குச் சராசரியாக எத்தனை அசிஸ்ட் இருந்தால் நல்ல செட்டர்?

முதலில் அந்த அணி எந்த முறையில் ஆடுகிறது என்று பாருங்கள். 5-1 முறையில் ஒரே செட்டர் ஆறு சுழற்சியிலும் எடுத்துக் கொடுப்பார். 6-2 முறையில் இரண்டு செட்டர்கள். பின்வரிசையில் இருப்பவர் எடுத்துக் கொடுப்பார், முன்வரிசைக்கு வரும்போது அவர் அட்டாக்கராக ஆடுவார் அல்லது வெளியே போய்விடுவார்.

கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில், 5-1 ஆடும் செட்டர் செட்டுக்குப் பத்து அசிஸ்ட் எடுத்தால் நன்றாக ஆடுகிறார் என்று அர்த்தம். பதினொன்றைத் தாண்டினால் நாட்டின் முன்னணி வரிசை. 6-2 ஆடும் செட்டருக்கு ஐந்தரை, ஆறு என்று இருந்தாலே கௌரவமான எண். இது தெரியாமல் இரண்டு பேரை ஒப்பிட்டு, "இந்தப் பெண் பாதிதான் எடுத்திருக்கிறாள்" என்று சொல்வது நியாயமில்லை.

"4,000 அசிஸ்ட்" என்பது பெரிய எண்ணா?

பெரிய எண்தான், ஆனால் அதில் உழைப்பைவிட ஆயுள் அதிகம் பேசுகிறது. ஒரு சீசனில் சுமார் முப்பது ஆட்டம், அதில் நூறு, நூற்றுப்பத்து செட். செட்டுக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல். நான்கு ஆண்டும் காயமில்லாமல், இடத்தை யாரிடமும் விடாமல் ஆடினால் நாலாயிரம் தானாக வந்துவிடும். என்னைக் கேட்டால், முதலாண்டு மாணவியாக வந்து நான்கு ஆண்டும் அந்த இடத்தை விடாமல் வைத்திருந்தார் என்பதுதான் அந்த எண்ணுக்குள் இருக்கும் செய்தி. பயிற்சியாளர் அணியின் சாவியை ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கவே இல்லை என்றால், அதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

இன்னொன்று. கொரோனாவால் 2020-21 கல்வியாண்டில் ஆடியவர்களுக்கு, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஓர் ஆண்டு கூடுதலாகக் கொடுத்தது. அந்தத் தலைமுறையின் மொத்த எண்களில் ஐந்து சீசன் கலந்திருக்கலாம்.

பழைய சாதனைகள் இன்றைய எண்களைவிட அதிகமாக இருக்கின்றனவே?

புள்ளி எண்ணும் முறை மாறியதால். 2001-க்கு முன்னால் பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் சர்வீஸ் போட்ட அணி மட்டுமே புள்ளி எடுக்க முடியும். 15 புள்ளியை எட்டுவதற்குள் எத்தனையோ ராலிகள் (சர்வீஸிலிருந்து பந்து விழும்வரை நடக்கும் ஆட்டம்) போய்விடும். புள்ளியே தராத ராலியிலும் கில் உண்டு, அசிஸ்ட் உண்டு. 2001-ல் ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி என்று மாற்றி, செட்டை 30 ஆக வைத்தார்கள். 2008-ல் அது 25 ஆனது. ஆகவே 1990-களின் செட்டரையும் இன்றைய செட்டரையும் ஒரே அட்டவணையில் வைத்தால் இன்றையவர் தோற்பார். ஆட்டம் குட்டையாகிவிட்டது, ஆள் குட்டையாகவில்லை.

அப்படியானால் எந்த எண்ணை நம்புவது?

அணியின் அடிவிகிதம். கில்லிலிருந்து தவறுகளைக் கழித்து, மொத்தமாக அடித்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஓர் அணி ஒரு செட்டில் 36 முறை அடித்து, 14 கில் எடுத்து, 5 தவறு செய்தால் 14-லிருந்து 5 போக 9. 9-ஐ 36-ஆல் வகுத்தால் .250. இது பரவாயில்லாத எண். ஒரு சீசன் முழுக்க .300-ஐத் தொடும் அணி எதிரணிக்குத் தலைவலி.

இது செட்டரின் பக்கத்தில் இருக்காது. அணியின் பக்கத்துக்குப் போய்த் தேட வேண்டும். ஆனால் செட்டரின் மதிப்பெண் அட்டை இதுதான். அவர் பிளாக்கர்களை ஏமாற்றினால்தான் அட்டாக்கருக்கு எதிரே இரண்டு பிளாக்கருக்குப் பதிலாக ஒருவர் இருப்பார், அப்போதுதான் தவறு குறையும். பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2007-லிருந்து 2010 வரை தொடர்ச்சியாக 109 ஆட்டங்களில் வென்றது. அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியில் செட்டராக இருந்தவர் அலிஷா கிளாஸ். 2007, 2008, 2009 என்று மூன்று தேசியப் பட்டங்கள். அந்த அணியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அட்டாக்கர்களைத்தான் முதலில் சொல்வார்கள். அட்டாக்கர்களை அப்படிப் பேசவைத்தவர் செட்டர்.

டிக், பிளாக், ஏஸ் எல்லாம் செட்டருக்கு எதற்கு?

டிக் என்பது எதிரணி அடித்த பந்தை விழாமல் எடுப்பது, ஏஸ் என்பது சர்வீஸிலேயே நேராக வரும் புள்ளி. இரண்டாம் பந்தைத் தவிர மற்ற நேரத்தில் அவரும் ஆறு பேரில் ஒருவர்தானே. பின்வரிசையில் வலது ஓரத்தைக் காக்க வேண்டும். முன்வரிசைக்கு வந்தால் எதிரணியின் முக்கிய அட்டாக்கருக்கு எதிரே பிளாக் போட வேண்டும். சில சமயம் யாருக்கும் கொடுக்காமல் இரண்டாம் தொடுதலிலேயே பந்தை எதிர்ப்பக்கம் தட்டிவிடுவார். அது கில் கணக்கில் வரும். இதில் நல்ல செட்டருக்கு இரட்டை லாபம், ஏனென்றால் அடுத்த முறை பிளாக்கர் அவரையும் கவனித்தபடி நிற்க வேண்டியிருக்கும்.

"டிரிபிள்-டபுள்" என்று பார்த்தால், ஒரே ஆட்டத்தில் மூன்று வகை எண்களில் பத்தைத் தொட்டிருக்கிறார் என்று பொருள். செட்டருக்குப் பெரும்பாலும் அசிஸ்ட், டிக், கில்.

டபுள் டச் தவறெல்லாம் இப்போது இல்லையாமே?

பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் 2024 சீசனிலிருந்து, இரண்டாவது தொடுதலில் பந்து கையில் இரு முறை பட்டாலும், அது அதே பக்கத்தில் இருந்தால் தவறு இல்லை. நெட்டைத் தாண்டிப் போனால் தவறுதான். பந்து சுழலாமல் கையிலிருந்து புறப்பட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் விரல் தேயப் பழகியவர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. நடுவரின் விசிலுக்கு நடுவே ராலி அறுபடாமல் இருப்பது பார்ப்பவர்களுக்கு நல்லது என்பது மறுதரப்பு. எனக்கு இரண்டாவது தரப்புதான் சரியென்று படுகிறது. எப்படியும், பந்து கையாளும் தவறுகளின் எண்ணிக்கையை 2024-க்கு முன், பின் என்று பிரித்துப் பாருங்கள்.

"ஆல்-அமெரிக்கன்" என்பதைத் தருவது யார்?

வாலிபாலில் அதிகம் மதிக்கப்படுவது அமெரிக்க வாலிபால் பயிற்சியாளர்கள் சங்கம், அதாவது ஏ.வி.சி.ஏ., அறிவிப்பது. முதல் அணி, இரண்டாம் அணி, மூன்றாம் அணி, அப்புறம் சிறப்புக் குறிப்பு. நான்கையுமே பேச்சுவழக்கில் ஆல்-அமெரிக்கன் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள், அதனால் எந்த அணி என்று பாருங்கள். இதற்குக் கீழே வட்டார அளவிலும், கல்லூரி சேர்ந்திருக்கும் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) அளவிலும் விருதுகள் உண்டு. கான்ஃபரன்ஸின் "வாரத்தின் சிறந்த செட்டர்" ஒரு நல்ல வாரத்தைக் காட்டும். "ஆண்டின் சிறந்த செட்டர்" வேறு எடை.

நாட்டின் ஆண்டின் சிறந்த வீராங்கனை விருது பெரும்பாலும் அட்டாக்கர்களுக்கே போகிறது. அதையும் மீறி வாங்கிய செட்டர்களில் முக்கியமானவர் லாங் பீச் ஸ்டேட்டின் மிஸ்டி மே. 1997, 1998 என்று இரண்டு முறை. 1998-ல் அவர் அணி 36 ஆட்டம் ஆடி 36-லும் வென்றது. பெண்கள் தேசியப் போட்டி வரலாற்றில் தோல்வியே இல்லாமல் பட்டம் வென்ற முதல் அணி அது. பிறகு அவர் கடற்கரை வாலிபாலுக்குப் போய் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியதால், செட்டராக இருந்த கதை பலருக்கு மறந்தே போயிற்று. பென் ஸ்டேட்டின் மிகா ஹான்காக் 2014-ல் அதே விருதை வாங்கினார். இடக்கைக்காரர். அவருடைய சர்வீஸைப் பார்த்தே எதிரணி நடுங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செட்டருக்கு உயரம் முக்கியமா?

இருந்தால் பிளாக்குக்கு நல்லது. ஆனால் 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியின் செட்டர் டெபி கிரீன் ஐந்தடி நான்கு அங்குலம்தான். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆடியவர். பின்னாளில் லாங் பீச் ஸ்டேட்டில் மிஸ்டி மேக்கு செட் செய்யக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளரும் அவரே.

ஜி.பி.ஏ. என்றால் என்ன? எவ்வளவு இருந்தால் நல்லது?

ஒவ்வொரு பாடத்திலும் வாங்கும் எழுத்துத் தரத்தை எண்ணாக்கி, பாடத்தின் கிரெடிட் எடைக்கு ஏற்பச் சராசரி எடுப்பது. ஏ என்றால் 4, பி என்றால் 3. ஆக 4.0 என்பது உச்சம்.

விளையாட்டு வீரருக்கு 3.5-க்கு மேல் இருந்தால் கல்லூரி அதைப் பெருமையாகவே போட்டுக்கொள்ளும். ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன பாடம் என்று பாருங்கள். ஆய்வகம் கட்டாயமான பாடங்களில் பிற்பகல் வகுப்புகள் பயிற்சி நேரத்தோடு மோதும். அதனால் வீரர்கள் சிலர் பாடத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். பொறியியலிலோ உயிரியலிலோ 3.4 வைத்திருக்கும் செட்டரை, எளிய பாடத்தில் 3.9 வைத்திருப்பவருக்குக் கீழே நான் வைக்க மாட்டேன்.

ஆட்டமும் படிப்பும் எப்படி ஒன்றாக நடக்கிறது?

பெண்கள் சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, தேசியப் போட்டிவரை போனால் டிசம்பர் பாதி கடந்து முடியும். அதாவது இலையுதிர்ப் பருவத்தின் முதல் வகுப்பிலிருந்து கடைசித் தேர்வு வரை முழுவதையும் விழுங்கிவிடும். பட்டத்துக்குப் போட்டியிடும் அணிக்கு அரையிறுதியும் பருவத் தேர்வும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும். வெளியூர் ஓட்டலில் மேற்பார்வையாளரை உட்காரவைத்துத் தேர்வு எழுதிவிட்டு ஆட்டத்துக்குப் போவது அங்கே சாதாரணம். ஆண்கள் சீசன் ஜனவரியிலிருந்து மே வரை. நெருக்கடி அதேதான், மாதம்தான் வேறு.

என்.சி.ஏ.ஏ. விதிப்படி சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் கணக்கில் 3 மணி நேரம்தான். பயண நேரம் கணக்கிலேயே வராது. தானாக விரும்பிச் செய்யும் பயிற்சியும் வராது. செட்டருக்கு இந்தக் கடைசி வரி கொஞ்சம் கூடுதலாகவே கடிக்கும், ஏனென்றால் எதிரணியின் பிளாக்கர்கள் எப்போது எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று வீடியோவில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவர் அவர். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பார்க்காமல் போனால் ஆட்டத்தில் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

படிப்பில் குறைந்தால் ஆட விடமாட்டார்களா?

விடமாட்டார்கள். முதல் டிவிஷனில் முதலாண்டிலேயே ஆட, பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 2.3 ஜி.பி.ஏ.-வும் வேண்டும். சேர்ந்த பிறகு பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு முடிவில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும். அணிக்கும் தனியாக ஒரு கல்வி முன்னேற்ற மதிப்பு உண்டு: 1000-க்கு 930-க்குக் கீழே இறங்கினால் சீசனுக்குப் பிந்தைய போட்டிகளில் இடம் போகலாம்.

"அகாடமிக் ஆல்-அமெரிக்கன்" என்பது ஆல்-அமெரிக்கனைவிடக் குறைந்ததா?

இரண்டும் வேறு வேறு. இதை 1952-லிருந்து கல்லூரிகளின் விளையாட்டுத் தகவல் அலுவலர்கள் அமைப்பு கொடுத்து வருகிறது. இப்போது மொத்த ஜி.பி.ஏ. குறைந்தது 3.50 வேண்டும், முன்பு 3.30 போதும். படிப்பு மட்டும் போதாது, அணியில் முதல் ஆறில் ஒருவராகவோ முக்கியமான மாற்று ஆளாகவோ இருக்க வேண்டும். முதலாண்டு மாணவர்களுக்குக் கிடையாது. இரண்டு பக்கமும் எடைபோடுவதால், பெஞ்சில் உட்கார்ந்தபடி 4.0 வாங்குபவருக்கு இது கிடைக்காது.

"எலீட் 90" என்ற பெயரில் அறியப்பட்ட விருது ஒன்று தனியாக உண்டு. என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டி ஒவ்வொன்றிலும், இறுதிக் கட்டம் வரை வந்த அணிகளின் வீரர்களில் ஜி.பி.ஏ. அதிகம் உள்ள ஒருவருக்கு. ஆட்டத்தில் எப்படி என்று பார்ப்பதில்லை. ஏ.வி.சி.ஏ.-வின் அணி அளவிலான கல்வி விருது மொத்த அணியும் சராசரி 3.30 எட்டினால் கிடைப்பது. அது ஒருவரின் தனிச் சாதனை அல்ல. கான்ஃபரன்ஸ் மதிப்புப் பட்டியல், டீன் பட்டியல் போன்றவை நல்லவைதான், ஆனால் பலருக்கும் கிடைக்கும்.

இரண்டிலும் பேர் எடுத்தவர்கள் யார்?

கார்ச் கிராலியை அட்டாக்கர் என்றே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் அவர் இரண்டு செட்டர் முறையில் சின்ஜின் ஸ்மித்தோடு சேர்ந்து பந்தை எடுத்தும் கொடுத்தார், அடித்தும் ஆடினார். 1979, 1981, 1982 என்று மூன்று தேசியப் பட்டங்கள். 1983-ல் உயிர்வேதியியலில் பட்டம். அடுத்த ஆண்டு ஒலிம்பிக் தங்கம்.

இல்லினாய்ஸின் ஜோர்டின் பூல்ட்டர் நான்கு ஆண்டு முடிவதற்கு முன்பே பட்டத்தை முடித்துவிட்டு இத்தாலி லீக்கில் ஆடப் போனார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் முதன்முறையாகத் தங்கம் வென்றபோது சிறந்த செட்டர் விருது அவருக்கு. பயிற்சியாளர் யார் தெரியுமா, அதே கிராலி.

விஸ்கான்சினின் லாரன் கார்லினி நான்கு ஆண்டும் ஆல்-அமெரிக்கன். முதலாண்டிலேயே, 2013-ல், அணியை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டு போனார். எதிரே ஹான்காக் செட்டராக இருந்த பென் ஸ்டேட், தோல்வி. தேசியப் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான சல்லிவன் விருது 2016-க்கு அவருக்குக் கிடைத்தது. பட்டம் இல்லாத பக்கத்தை அவசரமாகத் தள்ளிவிடாதீர்கள் என்பதற்கு இவரைத்தான் காட்டுவேன்.

இந்தச் சாதனைகளுக்குப் பணம் உண்டா?

முதல் டிவிஷன் பெண்கள் அணிக்கு நீண்டகாலம் 12 முழு உதவித்தொகைகள் என்று வரம்பு இருந்தது. 2025-ல் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணியில் 18 பேர் வரை என்ற வரம்பு வந்திருக்கிறது. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அங்கே நான்கு ஆண்டு ஆடுபவர் ஆட்டத்தின் மேல் உள்ள ஆசையால் ஆடுகிறார். மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு என்.சி.ஏ.ஏ. 10,000 டாலர் உதவித்தொகை ஒன்று வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் அது இருந்தால் ஆட்டம், படிப்பு இரண்டிலும் நல்ல பெயர் எடுத்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நேரமில்லை, ஒரே ஒரு விஷயம் பார்க்க வேண்டுமென்றால்?

செட்டரின் பக்கத்தை மூடிவிட்டு அவரோடு ஆடிய அட்டாக்கர்களின் பக்கத்தைத் திறங்கள். இவர் வருவதற்கு முந்தைய ஆண்டு அவர்களின் அடிவிகிதம் என்ன, இவர் வந்த பிறகு என்ன, இவர் பட்டம் வாங்கிப் போன மறு ஆண்டு என்ன. .210-லிருந்து .270-க்கு ஏறி, அவர் போனதும் .220-க்கு இறங்கியிருந்தால், அந்த .050 அவருடையது, அவர் பக்கத்தில் அதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.